ஞாயிற்றுக்கிழமைத் திரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் எனக்கு முதல் வேலை, பியர் அலமாரிக்குத் திரை போடுவது. அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில், பெயரைச் சொன்னால் அமெரிக்கர்களே "எங்கே?" என்று கேட்கும் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. என் கணவருக்கு இங்கே கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஊரின் ஒரே பெரிய மளிகைக் கடையில் பில் போடும் வேலை. மற்ற நாளெல்லாம் இந்தக் கடையில் பால் வாங்குவது போல பியர் வாங்கிக்கொண்டு போகலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விற்கக் கூடாது, சட்டம். அதனால் கடைசிச் சுவரை ஒட்டி நிற்கும் அந்த நீளமான குளிர் அலமாரியின் முன்னால், கம்பியில் வளையம் கோத்த நீலத் துணியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துவிட வேண்டும். உள்ளே விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். பாட்டில்கள் சில்லென்று நின்றுகொண்டுதான் இருக்கும். வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிறு, திரையை இழுத்து முடித்ததும் என் இரண்டு கையும் தன்னால் குவிந்துவிட்டன. நான் திருக்கழுக்குன்றத்தில் வளர்ந்தவள். சந்நிதியில் நைவேத்தியத்துக்குத் திரை போட்டால் கைகூப்பிக்கொண்டு காத்திருக்க வேண்டும், மணி அடித்துத் திரை விலகினால் தீபாராதனை என்பது உடம்பில் ஊறிய பழக்கம். இத்தனை வருஷம் கழித்து, இத்தனை கடல் தாண்டி, ஒரு பியர் அலமாரியின் முன்னால் அது வெளியே வந்து மானத்தை வாங்கியது. பக்கத்துக் கவுண்ட்டரில் இருந்த மார்லீன் பார்த்துவிட்டாள். கழுத்தில் சிலுவை போட்ட, ஞாயிறு காலை வேலை முடித்து மாலை ஆராதனைக்குத் தவறாமல் சர்ச்சுக்குப் போகிற, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த வெள்ளைக்காரி. "ஆமென், ஹனி!" என்றாள் உரக்க. இந்த நாளைச் சுத்தமாக வைத்திருக்கும்படி நான் கடவுளிடம் வேண்டிக்கொள்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். குடி என்றாலே இவளுக்கு ஆகாது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். இரண்டும் தப்பு. ஆனால் அந்தத் தப்பின் மேலேயே எங்கள் சிநேகிதம் பல வருஷம் நன்றாக ஓடியது.

பியர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கடைக்கு ஈ காக்கை வராது. ஊரே சர்ச்சில் இருக்கும். சர்ச் விட்டு, பசியோடு வந்து ரொட்டியும் கோழியும் அள்ளுகிறவரை எனக்குக் கை காலி. அந்த நேரம்தான் என் தங்கை செல்வி கூப்பிடுவாள். அவளுக்கு அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். செங்கல்பட்டு மாவட்டத்தில், திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் பாதையில், உள்ளடங்கிய ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். கூப்பிட்டதும் பேசமாட்டாள். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். பின்னால், தூரத்தில், அவள் புருஷன் குமாரின் குரல். வீட்டுக்குப் பின்பக்கம் துவைக்கிற கல்லில் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனைக் காதில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பேசுவேன். இங்கே குளிர் வந்துவிட்டது, தக்காளி வாயில் வைக்க வழியில்லை, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது, இப்படி என்ன தோன்றுகிறதோ அது. குமார் தூங்கிப் போகும்வரை பேசுவேன். பிறகு செல்வி, "படுத்துட்டாருக்கா. நான் போய் சோறு ஆக்குறேன்" என்று வைத்துவிடுவாள்.

குமார் கெட்டவன் இல்லை. இதைச் சொன்னால் என் கணவருக்குக் கோபம் வரும். ஆனால் சொல்லாவிட்டால் இந்தக் கதையே புரியாது. அவன் வேன் ஓட்டுகிறவன். திங்கள் முதல் வெள்ளிவரை சிறுசேரிக்கு ஐ.டி. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் வருவான். கம்பெனி கேட்டில் தினமும் ஒரு மெஷினை வாயில் வைத்து ஊதச் சொல்வார்கள். கொஞ்சம் காட்டினாலும் வேலை போய்விடும். சனிக்கிழமை மாமல்லபுரம் டூரிஸ்ட் சவாரி, ஈசிஆர் சாலையில் போலீஸ்காரர் ஊதச் சொல்வார். ஆக, ஆறு நாள் அவன் தங்கம். மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவான், மீன் சுத்தம் செய்வான், செல்விக்குப் பூ வாங்கிவருவான். ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குச் சாலை வளைவில் இருக்கும் அரசு மதுக்கடை திறக்கும்போது முதல் ஆளாக நிற்பான். திங்கள் விடியற்காலையில் ஊத வேண்டுமே, அதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று, ஆறு நாள் குடியையும் பகலிலேயே குடித்து முடிப்பான். அதற்கப்புறம் ஏச்சு. அவள் அம்மா, அவள் நிறம், ஆண் பிள்ளை பெறாதது, அக்காக்காரி அமெரிக்காவில் இருக்கிற திமிர், எல்லாம் வரும். பாத்திரம் பறக்கும். ஒருமுறை மகளின் புத்தகப் பையைக் கிணற்றில் போட்டுவிட்டான். திங்கட்கிழமை வேன் எடுக்கும் முன்னால் அவனே பாதாளக்கரண்டி போட்டு எடுத்து, ஒவ்வொரு நோட்டாகக் கொடியில் காயப்போட்டுவிட்டுப் போனான் என்றும் செல்வி சொன்னாள். எனக்கு எதற்கு அழுவது என்றே தெரியவில்லை.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். கூடுவாஞ்சேரியில் கணவர் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி வீட்டுக்குப் போனேன். பஸ் அந்த வளைவில்தான் நிற்கும். கம்பிவலை போட்ட ஜன்னலுக்குள் ஏழெட்டுக் கை ஒரே சமயத்தில் நுழைந்திருந்தது. பக்கத்திலேயே கொட்டகை, காலி தண்ணீர் பாக்கெட்டு, ஊறுகாய்த் தாள். சர்க்காரே கல்லாவில் உட்கார்ந்து விற்கும் ஊரிலிருந்து போனவள் நான்; சர்க்காரே திரையைப் போடச் சொல்லும் ஊரிலிருந்து திரும்பி வந்திருந்தேன். செல்வியிடம் அந்த நீலத் துணியைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. "ஞாயித்துக்கெழம விக்கவே மாட்டாங்களா? நெஜமாவா சொல்ற?" என்றாள். "குடிக்கிறவன் இன்னா பண்ணுவான்?" "சனிக்கிழமையே வாங்கி வெச்சிப்பான்" என்றேன். "இவரு வெச்சிக்க மாட்டாருக்கா. சனிக்கிழம சவாரி முடிஞ்சி வரப்போ கடைய சாத்திடுவான். வூட்ல பாட்லு வெச்சா பொண்ணு பாத்துடும்னு கூச்சம் வேற. அந்த ஒரு நாளு கடை இல்லன்னா, வாரம் பூரா எனுக்கு மனுஷன் கெடைப்பாருக்கா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. ஏன்தான் சொன்னேனோ என்று இருந்தது.

தமிழ்நாட்டில் தேர்தலுக்குத் தேர்தல் மதுக்கடைகளை மூடுகிறேன் என்பார்கள், குறைக்கிறேன் என்பார்கள், வருமானம் போய்விடுமே என்பார்கள். இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள்தான் செல்வியும். அவளுக்கு இப்போது எல்லாக் கடையும் மூட வேண்டாம். ஒரு கடை, ஒரு நாள், அது போதும். மகளிர் குழுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, காந்தி ஜெயந்தி கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

நான் இங்கே திரும்பி வந்தால், இங்கேயும் அதே பேச்சு, தலைகீழாக. ஞாயிற்றுக்கிழமை பியர் விற்பதை அனுமதிக்கலாமா என்று நவம்பரில் எங்கள் கவுண்டி, அதாவது மாவட்டம், மக்களிடம் ஓட்டு எடுக்கப் போகிறார்கள். வீட்டு முன்னால் புல்வெளியெல்லாம் அட்டை முளைத்துவிட்டது, வேண்டும் என்று பாதி, வேண்டாம் என்று பாதி. நகர மண்டபக் கூட்டத்துக்கு நானும் போனேன். ஒரு போதகர் ஓய்வுநாளின் புனிதத்தைப் பற்றிப் பேசினார். ஒரு உணவகக்காரர், நம் வரிப்பணமெல்லாம் பக்கத்துக் கவுண்டிக்குப் போகிறது என்று குதித்தார். பின்வரிசையில் இருந்த ஒருவர், "என் ஞாயிற்றுக்கிழமையில் சர்க்காருக்கு என்ன வேலை?" என்று கத்தினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாரோ ஒருத்தி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருப்பாள் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி எனக்கு இது முதல் ஓட்டு. அதைக் கேட்டதும் செல்வி, "அங்க இருக்கிறதயாவது காப்பாத்துக்கா. எனக்கோசரம் ஒரு ஓட்டு போடு" என்றாள்.

மார்லீன் வீட்டைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போவேன். அவள் புல்வெளியில் ஒருநாள் "வேண்டும்" என்ற அட்டை நின்றது. யாரோ வேண்டாதவர் வேண்டுமென்றே நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, வண்டியை நிறுத்தி அதைப் பிடுங்கிவிட்டேன். கதவைத் திறந்துகொண்டு மார்லீன் வெளியே வந்தாள். "ஹனி, என்ன செய்கிறாய்?" என்றாள். நான் விளக்கினேன். அவள் அட்டையை வாங்கி, அதே குழியில் அழுத்தி நட்டாள். "பதினேழாம் சாலையில் பெரிய வளைவில் ஒரு வெள்ளைச் சிலுவை இருக்கிறதே, பார்த்திருக்கிறாயா?" என்றாள். பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் பூ சுற்றியிருக்கும். "அது என் தம்பி டேனி. ஞாயிற்றுக்கிழமை இங்கே கிடைக்காது என்று பக்கத்துக் கவுண்டிக்கு ஓட்டிக்கொண்டு போனான். அங்கேயே குடித்துவிட்டுத் திரும்பினான். இங்கே கிடைத்திருந்தால் அவன் தன் வீட்டு சோபாவில் குடித்துவிட்டு அங்கேயே விழுந்து கிடந்திருப்பான். எங்கள் சர்ச்சில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது."

அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. குமாரிடம் வேன் இருக்கிறது. சாலை வளைவுக் கடை ஞாயிற்றுக்கிழமை மூடினால், பக்கத்து ஊர்க் கடையில் நிற்கமாட்டான், ஈசிஆரில் ஏறி நேராகச் சரக்கு மலிவான பாண்டிச்சேரிதான். அவனுக்குத் தூக்கத்திலும் தெரிந்த சாலை அது. போகும்போது சரி, திரும்பும்போது? கல்பாக்கம் தாண்டி, உப்பளம் தாண்டி, எதிரே வார இறுதிக் கார்களெல்லாம் பறந்து வரும்போது? பில் போடும்போதும், சாம்பாருக்குத் தாளிக்கும்போதும் அந்த வேன்தான் கண்முன்னால் வந்து நிற்கும். பொறுக்க முடியாமல் செல்வியிடம் சொல்லிவிட்டேன். "அப்போ இன்னா சொல்ற நீ? கடை தெறந்தே இருக்கட்டும், நான் கல்லுமேல குந்திகினே இருக்கட்டும்ன்றியா?" என்றாள். "அப்படிச் சொல்லலடி" என்றேன். "அப்படித்தான்க்கா கீது. அங்க குந்திகினு ரெண்டு பக்கமும் பேசலாம் நீ. எனுக்கு ஒரு பக்கம்தான் கீது" என்றாள். போனை வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு அவள் கூப்பிடவில்லை. திரையை இழுத்துவிட்டு, காலியான கடையில், போனைப் பார்த்தபடி நின்றிருந்தேன். மார்லீன் இரண்டு தடவை "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டாள்.

காந்தி ஜெயந்தி வந்தது. அன்றைக்குத் தமிழ்நாடு முழுக்கவும் மதுக்கடை கிடையாது, அன்றைக்குத்தான் கிராம சபையும். மூடுவதைப் பற்றிப் பேசுவதற்கு மூடிய நாளே கிடைத்தது. செல்வி கூப்பிடவில்லை, ஆனால் அவள் மகள் வீடியோவில் கூப்பிட்டுப் போனைக் கூட்டத்தை நோக்கித் திருப்பிவைத்தாள். ஊராட்சி அலுவலகத்து முன்னால் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி. செல்வி எழுந்து பேசினாள். எட்டாள் நடுவில் வாய் திறக்காதவள், கையில் ஒரு தாள்கூட இல்லாமல் பேசினாள். "சண்டேதான் லீவு, அன்னிக்கி மூட்னா எப்ப குடிக்கிறதாம்?" என்று ஒருவன் குரல் கொடுத்தான், சிரிப்பு எழுந்தது. "தீர்மானத்தை மேலே அனுப்பிவைப்போம், முடிவு எங்கள் கையில் இல்லை" என்றார் செயலர். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். பெண்கள் பக்கம் கைகள் எழுந்தன. ஆண்கள் பக்கம் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பின்வரிசையில், சவரம் செய்த முகத்தோடு, வெள்ளைச் சட்டையில், ஒரு கை மெதுவாக எழுந்தது. குமார். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர். போனைப் பிடித்திருந்த மகள் படத்தை அவன் பக்கமே திருப்பி வைத்தாள்.

அந்த வாரமே ஒரு வேலை நாளில் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். சிறுசேரியில் வேனை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். "ஏன் குமாரு கையத் தூக்குன?" என்றேன். "கடை இருந்தா போயிடுறேன்க்கா. கால்தான் போவுது, நான் இன்னா பண்றது?" என்றான். "கடை இல்லன்னா பாண்டிக்குப் போவியா?" என்றேன். சிரித்தான். "நீ வேறக்கா, ஐடியா குடுக்காத" என்றான். பிறகு சிரிக்காமல், "தெரிலக்கா. எனுக்கே தெரில" என்றான். அதற்கடுத்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வளைவில் முதல் ஆளாக நின்றான். அன்று சாயங்காலம் செல்வி என்னைக் கூப்பிட்டாள். சண்டையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. மூச்சு விடுகிற சத்தம். நான் நாய்க்குட்டிகளைப் பற்றிச் சொன்னேன்.

நவம்பரில் ஓட்டுப் போடப் போனேன். ஒரு சர்ச்சின் பின்கூடம்தான் வாக்குச்சாவடி. தாளில் முட்டை போல வட்டம், அதைப் பேனாவால் நிரப்ப வேண்டும். "வேண்டும்" என்ற வட்டத்தின் மேல் டேனியின் வெள்ளைச் சிலுவை, "வேண்டாம்" என்ற வட்டத்தின் மேல் குமாரின் தூக்கிய கை. பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள். "வேண்டாம்" என்பதை நிரப்பினேன். செல்விக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இந்த அலபாமாவில் கடை மூடினால் செல்விக்கு என்ன வரப்போகிறது? என் காலியான ஞாயிற்றுக்கிழமை காலைக்காகத்தான் போட்டேன். அவளோடு இருக்க எனக்கிருக்கும் ஒரே நேரம் அது. அதை எந்த மண்டபத்தில் எழுந்து சொல்ல முடியும்?

தாளை மெஷினில் செருகிவிட்டு வந்து, வாசலில் மேசை போட்டிருந்த பெரியவர் முன்னால் நின்று, இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினேன். மை வைப்பார் என்று. அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடிபட்டுவிட்டதா, மேடம்?" என்றார் கவலையாக. விரலை நீட்டியபடியே நின்றேன். அவர் சுருளிலிருந்து "நான் ஓட்டுப் போட்டேன்" என்ற வட்ட ஸ்டிக்கரை உரித்து, சின்னப் பிள்ளைக்குக் காயத்தில் பிளாஸ்திரி போடுவது போல என் விரல்நுனியில் பதவிசாகச் சுற்றிவிட்டார். வண்டியில் உட்கார்ந்து சிரித்தேன். ஓட்டு இருக்கும் ஊரில் என் தங்கை இல்லை, தங்கை இருக்கும் ஊரில் எனக்கு ஓட்டு இல்லை என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. பாத்திரம் தேய்க்கையில் ஸ்டிக்கர் ஊறிப் போய்விட்டது. ஊர் மையாக இருந்தால் நகத்தோடு வளர்ந்துதான் போயிருக்கும்.

"வேண்டும்" என்பவர்கள் ஜெயித்தார்கள். செல்வியின் தீர்மானத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. சில வாரம் கழித்து, மேனேஜர் நீலத் துணியைக் கழற்றி மடித்துக் குப்பைப் பெட்டியில் போட்டார். மறுநாள் ஞாயிறு. விற்கலாம் என்ற நேரம் வந்ததும், இத்தனை வருஷம் ஈ காக்கை வராத கடையில் வரிசை நின்றது. சர்ச்சுக்குப் போகாதவர்கள் இந்த ஊரில் இவ்வளவு பேரா என்று இருந்தது. ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை கேட்டு, பிறந்த தேதி பார்த்து, பெட்டியை மெஷினில் காட்டினேன். பீப். அடுத்தது. பீப். ஏப்ரன் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மார்லீன் எட்டிப் பார்த்து, "உன் தங்கைதானே? நாம் ஜெயித்துவிட்டோம் என்று சொல்லு, ஹனி!" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். டேனியின் ஞாபகமாக இருக்கும். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

பையில் கையை விட்டு, பார்க்காமலே, பச்சைப் பட்டனைத் தேய்த்துவிட்டேன். பேச முடியவில்லை. வரிசை முடிந்து போனை எடுத்துப் பார்த்தபோது செல்வி வைத்துவிட்டிருந்தாள். மறுநாள் செல்வியைக் கூப்பிட்டு, "நேத்து கடைல கூட்டம்டி, ஒரு வார்த்தைகூடப் பேச முடியல" என்றேன். "பரவால்லக்கா. நீ பில்லு போடுற சத்தம் கேட்டுகினே இருந்துது" என்றாள். "பீப்பு, பீப்புன்னு. பாப்பா எண்ணிகினே மடில தூங்கிடுச்சி. அவரும் படுத்துட்டாரு. அப்பறமும் கொஞ்ச நேரம் வெக்கல நானு. நல்லாத்தான்க்கா இருந்துது. அவ்ளோ பேரு இன்னாதான்க்கா வாங்குறாங்க அங்க?"

"பால்" என்றேன்.